மட்டாஞ்சேரி பரதேசி ஜெப ஆலயமும் கேரளத்து யூத மரபிடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொச்சிக்குச் செல்வோர் பார்க்க வேண்டும் என்று சொல்லப்படும் யூத ஜெப ஆலயம் எது? அது எங்கே இருக்கிறது?

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில், யூதர் தெருவின் கோடியில் உள்ள பரதேசி ஜெப ஆலயமே அது. 1568இல் கட்டப்பட்டது. உள்ளூர்க்காரர்கள் இதை ஜூதப்பள்ளி என்பார்கள். ஆட்டோ ஓட்டுநரிடம் சினகாக் என்று சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். கொச்சி அரசரின் மட்டாஞ்சேரி அரண்மனையும், அரண்மனை வளாகத்தில் உள்ள பழயன்னூர் பகவதி கோயிலும் இதை ஒட்டியே இருக்கின்றன. தம் அரண்மனைக்கு அருகிலேயே அரசர் யூதர்களுக்கு நிலம் கொடுத்து, தொழுகைக்கு இடம் கட்டிக்கொள்ள அனுமதித்தார் என்பதை அந்த இடத்தில் நின்று பார்த்தாலே விளங்கிக்கொள்ளலாம்.

'பரதேசி' என்ற பெயர் ஏன்?

இதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயின், போர்ச்சுகல், மேற்காசியா ஆகிய இடங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களுக்கு முன்பே நூற்றாண்டுக் கணக்கில் மலபாரில் வாழ்ந்துவந்த யூதர்களிடமிருந்து பிரித்துக் காட்ட, வெளிதேசத்தவர் என்ற பொருளில் அவர்களைப் பரதேசிகள் என்றார்கள். மலையாளத்தில் இது இழிசொல் அன்று.

இந்தியாவிலேயே மிகப் பழமையான ஜெப ஆலயம் இதுதானா?

இன்றளவும் ஜெப ஆலயமாகவே பேணப்படுவனவற்றுள் பழமையானது என்று சொன்னால் சரி. இந்தியாவில் முதலில் எழுந்தது என்று சொன்னால் தவறு. கொச்சியிலேயே உள்ள கொச்சங்காடியில் 1344இல் ஓர் ஜெப ஆலயம் கட்டப்பட்டதற்கான எபிரேயக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தக் கட்டடம் அழிந்துவிட்டது. அந்தக் கல் பரதேசி ஜெப ஆலயத்தின் முற்றத்துச் சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. வருகிறவர்கள் உள்ளே இருக்கும் சரவிளக்குகளைத் தேடி விரைவதால், தாங்கள் பார்க்கவிருக்கும் கட்டடத்தைவிட இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மூத்த அந்தக் கல்லைக் கவனிக்காமலேயே கடந்துபோகிறார்கள். மலபார் யூதர்களின் மற்ற ஜெப ஆலயங்களில் சில, தங்கள் தொடக்கம் 1568க்கும் முந்தையது என்றே மரபு வைத்திருக்கின்றன. ஆயினும் அவை பலமுறை இடிந்தும் எரிந்தும் மீண்டும் கட்டப்பட்டவை.

யூதர்கள் கேரளத்துக்கு எப்போது வந்தார்கள்?

இதற்கு மரபு ஒரு விடையும் ஆவணங்கள் வேறொரு விடையும் தருகின்றன. சாலமோன் அரசரின் கப்பல்கள் வந்த காலத்திலேயே தொடர்பு தொடங்கிவிட்டது என்று ஒரு மரபு உண்டு. கி.பி. 70இல் எருசலேமின் இரண்டாம் கோயில் உரோமரால் இடிக்கப்பட்டபின் பெருந்திரளாக யூதர்கள் கொடுங்கல்லூரில் வந்திறங்கினார்கள் என்பது இன்னொரு மரபு. நம் சங்கப் பாடல்கள் பேசும் முசிறித் துறைமுகம் அந்தப் பகுதியில்தான் இருந்தது என்பதால், மேற்கிலிருந்து வந்த வணிகக் கப்பல்களில் யூதர்களும் வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வாய்ப்பு என்பது சான்று ஆகாது.

உறுதியான ஆவணங்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்குகின்றன. கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவ ஆலயத்துக்கு அளிக்கப்பட்ட 849ஆம் ஆண்டுச் செப்பேட்டில், சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்களில் சிலர் எபிரேய எழுத்தில் பாரசீக மொழியை எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பயணியான துதேலா பெஞ்சமின், கொல்லத்தில் தோராவை (யூதர்களின் திருமறையை)ப் பின்பற்றும் கருநிற யூதர்கள் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். சேந்தமங்கலத்தில் உள்ள சாரா என்ற பெண்ணின் எபிரேயக் கல்லறைக்கல் 1269ஆம் ஆண்டைச் சேர்ந்தது; இந்தியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய எபிரேயக் கல்வெட்டாக அது கருதப்படுகிறது.

யூதர்களுக்குச் சேர அரசர் கொடுத்த செப்பேடு என்ன சொல்கிறது? தமிழ் அறிந்தவர்கள் அதை வாசிக்க முடியுமா?

சேரப்பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், கி.பி. 1000ஐ ஒட்டி, முயிரிக்கோட்டில் (கொடுங்கல்லூரில்) இருந்தபோது யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்கு அளித்த சாசனம் அது. சமூக மரபு இதை நான்காம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகும். எழுத்தமைதியும் அரசரின் காலமும் அதற்கு இடந்தரவில்லை. எழுத்து வட்டெழுத்து. மொழி, தமிழும் மலையாளமும் இன்னும் முழுதாகப் பிரிந்துவிடாத காலத்து மேற்குக்கரை மொழி. ஆகவே எழுத்துப்பெயர்ப்பை வைத்துக்கொண்டு படித்தால், கல்வெட்டுத் தமிழில் சிறிது பழக்கம் உள்ள ஒருவருக்குப் பெரும்பகுதி புரிந்துவிடும். ரப்பானின் பெயர் அதில் 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்று வருகிறது. ஆட்சியாண்டைக் கூட, பாண்டியர் கல்வெட்டுகளில் நாம் பார்க்கும் முறையிலேயே, இரண்டாம் ஆண்டுக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு என்று குறித்திருக்கிறார்கள்.

ரப்பானுக்கு 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் தலைமையும், அதனோடு எழுபத்திரண்டு உரிமைகளும் கொடுக்கப்படுகின்றன. பகல் விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம், தோரண விதானம் என்று அவை அடுக்கப்படுகின்றன. பகலில் விளக்கேந்திச் செல்வதும், நடக்கும் வழியில் துணி விரிப்பதும், பல்லக்கில் ஏறுவதும் அக்காலத்தில் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளக்கூடியவை அல்ல என்பதை நினைவில் கொண்டால்தான் இந்தப் பட்டியலின் எடை தெரியும். சுங்கமும் துலாக்கூலியும் (எடைக்கட்டணமும்) கட்ட வேண்டியதில்லை என்றும், ஊரில் மற்றவர்கள் அரசருக்குக் கட்டுவதை இவர்கள் கட்ட வேண்டாம், மற்றவர்கள் பெறுவதை இவர்கள் பெறலாம் என்றும் சாசனம் தெளிவாக்குகிறது. வேணாட்டுக் கோவர்த்தன மார்த்தாண்டன் முதலிய நாடுடையோர் சாட்சிகள்.

மத நல்லிணக்கத்தின் சின்னமாக மட்டும் இதை எடுத்துக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அது பொய்யன்று, ஆனால் முதன்மையாக இது ஒரு வணிக உடன்பாடு. துறைமுகத்துக்குச் சரக்கும் பொன்னும் கொண்டுவரும் வணிகரைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள அரசர் செய்த ஏற்பாடு. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் போன்ற குழுக்கள் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் வருகின்றன; இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள தீர்த்தாண்டதானத்துக் கல்வெட்டு ஓர் எடுத்துக்காட்டு. அங்கெல்லாம் அந்தக் குழுவில் யூதர்கள் மட்டுமன்றி அரபு, பாரசீக வணிகர்களும் இருந்திருக்கிறார்கள்.

மூலச் செப்பேடுகள் பரதேசி ஜெப ஆலயத்தின் பொறுப்பில் உள்ளன, பார்வையாளர்களுக்குக் காட்டப்படுவதில்லை. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேலுக்குச் சென்றபோது அந்நாட்டுப் பிரதமருக்குக் கொடுத்த அன்பளிப்புகளில் இவற்றின் நகலும் ஒன்று.

கொடுங்கல்லூரிலிருந்து கொச்சிக்கு ஏன் இடம்பெயர்ந்தார்கள்?

1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சி முகத்துவாரத்தை ஆழப்படுத்தியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. கொச்சங்காடியில் 1344இல் ஜெப ஆலயம் எழுந்ததை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எஞ்சியிருந்தவர்கள் 1524இல் நடந்த தாக்குதலுக்கும், பின்னர் போர்ச்சுகீசியர் நெருக்கடிக்கும் தப்பிக் கொச்சி அரசரிடம் அடைக்கலம் புகுந்தார்கள். 1565இல் பட்டத்துக்கு வந்த கேசவ ராமவர்மா அரண்மனையை ஒட்டி நிலம் கொடுக்க, யூதர் தெரு உருவாயிற்று.

போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் இந்த ஆலயத்தின் வரலாற்றில் எப்படி வருகிறார்கள்?

1662இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடிக்க முயன்று பின்வாங்கினார்கள். யூதர்கள் அவர்களுக்குத் துணைநின்றார்கள் என்ற சினத்தில் போர்ச்சுகீசியர் யூதர் தெருவைச் சூறையாடி ஜெப ஆலயத்தையும் எரித்தனர். அடுத்த ஆண்டே டச்சுக்காரர்கள் மீண்டும் வந்து கொச்சியைக் கைப்பற்றினார்கள்; 1664இல் ஆலயம் செப்பனிடப்பட்டது. டச்சு ஆட்சிக்காலம் கொச்சி யூதர்களுக்குச் செழிப்பான காலம். ஆம்ஸ்டர்டாம் யூதர்களோடு கடிதத் தொடர்பும் நூல் வரவும் அப்போதுதான் சீராக அமைந்தன. 1686இல் அங்கிருந்து வந்த மோசே பெரெய்ரா தெ பைவா இங்குள்ள யூதர்களையும் அவர்களுடைய ஜெப ஆலயங்களையும் பற்றி எழுதிய அறிக்கை, இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படைச் சான்று.

உள்ளே எவற்றைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

பெரிய கூடம் அன்று. வெள்ளையடித்த தடித்த சுவர்கள், ஓட்டுக்கூரை, மர உத்தரம் என்று வெளியிலிருந்து பார்த்தால் கேரளத்து வீட்டின் அமைப்பே தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐரோப்பிய ஜெப ஆலயங்களில் இல்லாத இந்த வழக்கம் நம்மவர்களுக்குப் பழகியதே.

நடுவில் பித்தளைக் கம்பி அடைப்புக்குள் இருக்கும் மேடைதான் தேபா. தோரா அங்கே நின்று வாசிக்கப்படும். எருசலேம் இங்கிருந்து மேற்கே இருப்பதால், தோராச் சுருள்களை வைக்கும் பேழை மேற்குச் சுவரில் இருக்கிறது; செதுக்கு வேலைப்பாடுகளுடன் பொன்பூச்சுக் கொண்ட மரப்பேழை. சுருள்கள் வெள்ளியும் பொன்னும் வேய்ந்த உருளைப் பெட்டிகளில் உள்ளன. அவற்றின் மீது சூட்டும் பொன் முடிகளில் ஒன்று 1805இல் திருவிதாங்கூர் அரசர் அளித்தது. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி கொடுத்த கம்பளமும் ஆலயத்துக்கு உரியது. தலைக்குமேல் தொங்கும் பெல்ஜியக் கண்ணாடிச் சரவிளக்குகளுக்கு இடையில் எண்ணெய் விளக்குகளும் இருப்பதைப் பாருங்கள்.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டியது மேலே இருக்கிறது. கேரள ஜெப ஆலயங்களில் மாடத்திலும் ஒரு தேபா உண்டு. வேறு நாட்டு ஜெப ஆலயங்களில் காண இயலாத அமைப்பு இது. ஓய்வு நாளிலும் பண்டிகை நாள்களிலும் அந்த மேல்மேடையில்தான் தோரா வாசிக்கப்படும். பெண்கள் அமரும் பகுதி அதற்கு நேர் பின்னால், ஒரு மறைப்புத் தட்டிக்கு அப்பால். ஆக, மற்ற நாடுகளில் வாசிப்பிடத்துக்கு எட்டத்தில் இருத்தப்பட்ட பெண்கள், இங்கே வாசிப்பவருக்கு எல்லோரையும்விட நெருக்கத்தில் இருந்தார்கள்.

தரையில் உள்ள சீன ஓடுகளில் ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்கிறார்களே, உண்மையா?

வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் வாக்கியம் இது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனத்தின் கான்டன் துறைமுகத்திலிருந்து வரவழைக்கப்பட்ட, வெள்ளையில் நீலம் தீட்டிய கைவேலை ஓடுகள் இவை என்பது உண்மை. கையால் தீட்டியவை என்பதால் தூரிகைக் கோட்டில் சிறு வேறுபாடுகள் இருக்கும். ஆனால் குனிந்து ஒரு வரிசையை ஊன்றிப் பாருங்கள்: ஒரு சில அடிப்படை வடிவங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஓடுகளின் அழகுக்கு அந்தக் கதை தேவையும் இல்லை.

ஓடுகளைத் தருவித்தவர் எசக்கியேல் ரஹாபி (1694–1771). இவருடைய குடும்பம் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு செல்வாக்கோடு இருந்தவர். திருவிதாங்கூர், கொச்சி, கோழிக்கோடு அரசவைகளோடு கம்பெனிக்காகப் பேச்சு நடத்தியவரும் இவரே.

ஆலயத்தின் மணிக்கூண்டுக்கு என்ன சிறப்பு?

1760இல் இதே ரஹாபி கட்டிய, ஏறத்தாழ 45 அடி உயரக் கோபுரம். அதன் முகங்களில் எபிரேயம், உரோமன், மலையாளம் ஆகிய மூவகை எண்கள் உண்டு. நெடுநாள் பழுதாகிக் கிடந்ததை உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு சீரமைத்தார்கள்.

'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்ற பிரிவு உண்மையில் இருந்ததா?

இருந்தது, இன்று சுற்றுலாப் பேச்சில் இது மிக மெல்லிய குரலில் மட்டுமே வருகிறது. பரதேசிகள் 'வெள்ளை யூதர்' என்றும், அவர்களுக்கு முன்பிருந்த மலபார் யூதர்கள் 'கறுப்பு யூதர்' என்றும் அழைக்கப்பட்டனர். இரு பிரிவினரும் ஒரே தோராவை ஒரே முறையில் ஓதினார்கள்; ஒரே மலையாளம் பேசினார்கள்; ஆனால் ஒருவருக்கொருவர் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. மூன்றாவதாக, விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த மெஷுஹ்ராரிம் என்ற பிரிவினர் இருந்தனர். பரதேசி ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர்களே ஆயினும் உள்ளே இருக்கையில் அமர அவர்களுக்கு உரிமை இல்லை. முன்னறையிலோ தரையிலோ இருந்துதான் தொழ வேண்டும். தோரா வாசிக்க அழைக்கப்படுவதும் இல்லை. சாதியைப் பற்றி நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பத்துக் கட்டளைகளில் இடமில்லாத இந்த வழக்கம், சுற்றியிருந்த சமூகத்தின் காற்றிலிருந்து உள்ளே வந்தது என்பதைப் படித்தவுடனே தமிழர் எவரும் உணர்வர்.

இதை எதிர்த்து நின்றவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் பயின்ற வழக்கறிஞர், கொச்சி சட்டமன்ற உறுப்பினர், தேசிய இயக்கத்தில் ஈடுபட்டவர். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தாம் தொழும் இடத்துக்குள்ளேயே கையாண்டார். மறுக்கப்பட்ட இடத்தில் போய் அமர்ந்தார், சில காலம் ஆலயத்தைப் புறக்கணிக்கவும் செய்தார். 'யூத காந்தி' என்ற பெயர் அவருக்கு அதனால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கின. அதற்குள் சமூகம் புறப்படத் தொடங்கியிருந்தது. யூதர் தெருவில் அவருடைய வீடு இருந்தது. தெருவுக்கே அவர் பெயரைச் சேர்த்துச் சொல்பவர்கள் உண்டு.

துன்புறுத்தல் இல்லை என்றால் ஏன் நாட்டைவிட்டுப் போனார்கள்?

நியாயமான கேள்வி. நாட்டு அரசர்களோ அண்டை அயலாரோ அவர்களை விரட்டவில்லை. 1948இல் இஸ்ரேல் உருவானபோது, மலபார் யூதர்களில் பெரும்பாலோருக்கு அது ஓர் அரசியல் நிகழ்வாகத் தோன்றவில்லை. நாள்தோறும் மூன்று வேளை எந்த மீட்சிக்காகத் தொழுதார்களோ அது கைகூடியதாகவே தோன்றியது. சிறு வணிகமும் கோழி, முட்டை, மீன் வியாபாரமும் செய்து காலம் தள்ளிய குடும்பங்களுக்குப் பொருளியல் நம்பிக்கையும் ஒரு காரணம். யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் இஸ்ரேலிய அதிகாரிகள் தொடக்கத்தில் இவர்களை ஏற்கத் தயங்கினார்கள். அந்தத் தடை விலகியதும் 1950களின் நடுப்பகுதிக்குள் ஊர் ஊராகக் கிளம்பிப் போனார்கள். சொத்துள்ள பரதேசிக் குடும்பங்கள் அப்போது போகவில்லை. நில உச்சவரம்பும் பிள்ளைகளுக்கு வரன் கிடைக்காத நிலையும் வந்த பிறகு அவர்களும் சிறுகச் சிறுகப் போனார்கள்.

இஸ்ரேலில் நெவாத்திம், மெசிலாத் சியோன், தாவோஸ் முதலிய வேளாண் குடியிருப்புகளில் குடியேறினார்கள். மலையாளத்தில் யூதப் பெண்கள் பாடிவந்த பாட்டுகள், கையேடுகளில் எழுதப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்தன.

இப்போது அங்கே வழிபாடு நடக்கிறதா?

பொதுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். மட்டாஞ்சேரியில் எஞ்சியுள்ள யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால், வெளியிலிருந்து யூதப் பயணிகள் வந்து எண்ணிக்கை நிறையும் நாள்களில்தான் முறையான தொழுகை நடைபெறும். ஒரு காலத்தில், ஆண்டு முழுவதும் நடந்த தோரா வாசிப்பு நிறைவுபெறுவதைக் கொண்டாடும் சிம்ஹாத் தோரா விழாவின் பிற்பகலில் தோராச் சுருள்களை ஏந்தி, பாடிக்கொண்டே ஆலயத்தை வெளியில் சுற்றி வலம்வருவார்கள். கொச்சிக்கே உரிய வழக்கம் அது. 1968இல் 400ஆம் ஆண்டு விழா நடந்தபோது பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார். இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அந்த விழாவையொட்டி வரையப்பட்ட ஓவியங்களை நுழைவாயிலருகே உள்ள அறையில் காணலாம்.

மற்ற ஜெப ஆலயங்களின் நிலை என்ன?

ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் கேரளத்து யூத வரலாற்றைப் பார்த்துவிட்டதாக எண்ணுவதுதான் பெரும்பாலான பயணங்களில் நேரும் குறை. எண்ணிக்கையில் மிகுந்திருந்தவர்கள் மலபார் யூதர்களே. அவர்களுக்கு ஏழு ஜெப ஆலயங்கள் இருந்தன, பரதேசிகளுக்கு ஒன்று.

மட்டாஞ்சேரி யூதர் தெருவின் மறுகோடியில் இருந்த கடவும்பாகம் ஜெப ஆலயம் பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் செதுக்கிய மர உட்புறம் பெயர்த்தெடுக்கப்பட்டு எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய், 1995 முதல் அங்கே காட்சியில் உள்ளது. வெறும் கூடான கட்டடமோ கிடங்காகப் பயன்பட்டுப் பாழடைந்து, 2019 செப்டம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தெருவில் இருந்த தெக்கும்பாகம் ஜெப ஆலயம் அதற்கு முன்பே மறைந்துபோயிற்று. ஐந்து நிமிட நடைத் தொலைவுக்குள் ஒன்றைப் போற்றி வளர்த்ததும் மற்றவற்றைக் கைவிட்டதும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

எறணாகுளம் நகரில் இரண்டு உண்டு. சந்தைச் சாலையில் உள்ள கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் முன்பகுதி பல ஆண்டுகள் செடிகளும் வண்ண மீன்களும் விற்கும் கடையாக இருந்தது. மீன் தொட்டிகளைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தால் ஜெப ஆலயம். சமூகத்தைச் சேர்ந்த ஒருவரே கடை நடத்தியதால் கட்டடம் தப்பியது. பின்னர் சீரமைக்கவும் பட்டது. தெக்கும்பாகம் ஆலயம் அருகிலேயே யூதர் தெருவில் இருக்கிறது, பெரும்பாலும் பூட்டியிருக்கும்.

வடக்கன் பறவூரில் இருப்பது 1616ஆம் ஆண்டுக் கல்வெட்டுடன் கூடியது. படிப்புரை (வாயில் கட்டடம்), அதையடுத்து நீண்ட மூடுநடை, முன்னறை, தொழுகைக் கூடம் என்று கேரள ஜெப ஆலயத்தின் முழு அமைப்பும் குலையாமல் இருப்பது அங்கேதான். கட்டடக்கலையில் ஆர்வமுள்ளவர் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால், மட்டாஞ்சேரியைவிடப் பறவூரையே பரிந்துரைப்பேன். சேந்தமங்கலத்து ஜெப ஆலயம் கொச்சி அரசரின் பரம்பரை அமைச்சர்களான பாலியத்து அச்சன்களின் ஆதரவில் எழுந்தது. கோயில் சங்கும் மாதாகோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஜெப ஆலயக் கொம்பொலியும் ஒரே இடத்தில் நின்று கேட்கலாம் என்று அவ்வூரைப் பற்றிச் சொல்வார்கள். இவ்விரண்டும் முசிறி மரபுத் திட்டத்தின்கீழ் அருங்காட்சியகங்களாகப் பேணப்படுகின்றன. மாளா ஜெப ஆலயத்தை, ஊரைவிட்டுப் போகும்போது சமூகத்தார் 1955இல் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துச் சென்றார்கள்.

பார்வை நேரம், உடை, புகைப்படம் பற்றிய விதிகள் யாவை?

பரதேசி ஜெப ஆலயம் பொதுவாகக் காலை 10 முதல் 1 மணி வரையும், பிற்பகல் 3 முதல் 5 மணி வரையும் திறந்திருக்கும். வெள்ளி பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் யூதப் பண்டிகை நாள்களிலும் மூடியிருக்கும். பக்கத்து மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே இரண்டையும் ஒருசேரப் பார்க்க ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதேனும் ஒருநாள் வருவது நல்லது. பறவூர், சேந்தமங்கலம் அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் யூதப் புத்தாண்டு முதல் சிம்ஹாத் தோரா வரை பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். அப்போது கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். புகைப்படம் எடுக்கலாமா என்பதை நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். தேபாவின் மீது ஏறுவதும் பேழையின் திரையைத் தொடுவதும் கூடாது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் மூச்சுத் திணறும். இரண்டு நாளாகப் பிரிப்பதே முறை. எறணாகுளம் சந்திப்பில் இறங்கி, முதல் நாள் படகில் கொச்சிக் கரைக்குப் போய் மட்டாஞ்சேரியைப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பி எறணாகுளம் சந்தைச் சாலையைப் பார்க்கலாம். மறுநாள் பேருந்திலோ வாடகைக் காரிலோ பறவூர், சேந்தமங்கலம், கொடுங்கல்லூர், மாளா என்று வடக்கு நோக்கிப் போனால் வழி நேராக அமையும். பறவூருக்கு எறணாகுளத்திலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ.; அங்கிருந்து சேந்தமங்கலம் சில கி.மீ. தான். அகழாய்வு நடந்த பட்டணம் என்ற ஊரும் பறவூருக்கு அருகிலேயே உள்ளது.

யூதர் தெருவில் விற்கும் பழம்பொருள்களை நம்பி வாங்கலாமா?

அழகுக்காக வாங்குவதானால் வாங்கலாம். 'யூத வீட்டிலிருந்து வந்தது' என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். இன்று அங்கே கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பிற ஊர்களிலிருந்து வந்த வணிகர்கள். பொருள்களும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து வருபவை. மாறாக, கடைகளுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள்: சன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் இன்னும் இருக்கிறது. கதவு நிலைகளில் மெசூசா (மறைவாசகம் எழுதிய சுருளை வைக்கும் சிறு பேழை) பொருத்தியிருந்த தடங்களையும் சில வீடுகளில் காணலாம்.

யூதக் கல்லறைகளைப் பார்க்க முடியுமா?

பரதேசிகளின் கல்லறைத் தோட்டம் பூட்டியே இருக்கும். ஆலயத்தில் முன்கூட்டியே கேட்டால் சில வேளை திறந்துவிடுவார்கள். மட்டாஞ்சேரியில் தனியே நிற்கும் நெகேமியா மோத்தாவின் சமாதி வேறு வகை. 1615இல் மறைந்த இந்த யூத ஞானியைச் சுற்றியிருந்த மலபார் யூதர் இடுகாடு முழுவதும் வீடுகளாகிவிட்டது. அவருடைய சமாதியை மட்டும் யாரும் தொடவில்லை. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் வந்து மெழுகுவத்தி ஏற்றி நேர்ந்துகொள்கிறார்கள். சுவருக்குப் புதுச்சாயம் பூசுகிறவர்களும் அவர்களே.

தமிழ்நாட்டில் யூத மரபிடம் ஏதேனும் உண்டா?

சென்னையில் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோல்கொண்டா வைரத்தை வாங்கவும் மத்தியதரைக் கடல் பவளத்தை விற்கவும் லண்டனிலிருந்து போர்ச்சுகீசிய வழியினரான யூத வணிகர்கள் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தார்கள். மண்ணடிப் பக்கம் உள்ள பவளக்காரத் தெரு அந்தப் பவள வணிகத்தை நினைவுபடுத்தும் பெயர். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கப்பட்டபோது அதன் மன்றத்தில் யூத வணிகர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். பார்த்தலோமியோ ரோட்ரிக்ஸ் அவர்களில் ஒருவர். அவர்களில் முன்னோடியான ழாக் தெ பைவா 1687இல் இறந்து பெத்தநாயக்கன்பேட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். அந்தப் பழைய கல்லறைக் கற்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடம் மாற்றப்பட்டு, இன்று லாயிட்ஸ் சாலையில் உள்ள சிறிய யூத இடுகாட்டில் இருக்கின்றன. அதன் வாயிலும் பெரும்பாலும் பூட்டியே இருக்கும்.